புதிய சில்லுக்கு முதல் நிரல் எங்கிருந்து வரும்?

ஒரகடத்தில் 2010 முதல் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன. எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள், எப்போது செல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது காருக்குள் இருக்கும் ஒரு சிறு கணிப்பொறி. அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. அப்படியானால் அதன் நிரலை எங்கே தயாரித்தார்கள்? வேறொரு கணிப்பொறியில்தான். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை உற்பத்தியான நோக்கியா கைபேசிகளின் கதையும் இதுவே.

நாம் எழுதும் நிரலைச் சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது கம்பைலர். சில்லுக் குடும்பத்துக்குக் குடும்பம் இந்த எண்மொழி வேறுபடும். 'ஒன்றைக் கூட்டு' என்பதை இன்டெல் சில்லுக்கு 131, 192, 1 என்று சொல்லலாம். ரிஸ்க்-5 என்னும் குடும்பத்துக்கோ 19, 5, 21, 0 என்று சொல்ல வேண்டும். ஒரு சில்லில் ஓடிக்கொண்டே மற்றொரு சில்லின் மொழியில் எழுதித் தரும் கம்பைலருக்கு 'கிராஸ் கம்பைலர்' என்று பெயர்.

சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த 'சக்தி' ஒரு ரிஸ்க்-5 சில்லு. 2018-இல் அதில் லினக்ஸ் ஓடியது. புதிதாகப் பிறந்த சில்லிடம் சொந்தக் கம்பைலர் ஏது? முதல் நிரல்கள் பிற கணிப்பொறிகளிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் பல்லாயிரம் மென்பொருள் பொதிகள் உண்டு. கம்பைலரை மாற்றிவிட்டால் எல்லாம் தயாராகிவிடும் என்று எண்ணாதீர்கள்! பல பொதிகள் முதலில் ஒரு சோதனை நடத்தும். உதாரணமாக, 'லாங்' என்னும் எண்ணுக்கு எத்தனை பைட் இடம்? 64 பிட் லினக்ஸில் 8. 32 பிட் ஆர்ம் சில்லில் 4. ஒரு சிறு நிரலை ஓட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஆனால் ஆர்முக்கான நிரல் இங்கே ஓடாது. இங்கே ஓடுவதோ தவறான விடையைச் சொல்லும்.

இதற்கு ஒரு வேடிக்கையான தந்திரம் இருக்கிறது. 'லாங் 4 பைட்டுக்கு மேற்பட்டால் இந்தப் பட்டியலின் நீளம் மைனஸ் 1' என்று எழுதி, கிராஸ் கம்பைலரிடம் கொடுக்கிறார்கள். மைனஸ் நீளமுள்ள பட்டியலைக் கம்பைலர் ஏற்காது. அது மறுத்தால் ஒரு விடை. ஏற்றால் மற்றொரு விடை. நிரலை ஓட்டவே தேவையில்லை!

இன்னொரு சிக்கல்: சில பொதிகள் நடுவழியில் ஓர் உதவி நிரலைத் தயாரித்து, உடனே ஓட்டியும் பார்க்கும். அந்த உதவி நிரலை மட்டும் உள்ளூர்க் கம்பைலரால் தயாரிக்க வேண்டும். இரண்டு கம்பைலர்களையும் குழப்பிக்கொண்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

கம்பைலரும் ஒரு நிரல்தானே? அதையே கிராஸ் கம்பைலரால் தயாரித்துப் புதிய சில்லில் ஏற்றிவிட்டால், மற்றப் பொதிகளை அந்தச் சில்லே தயாரித்துக்கொள்ளும். ரிஸ்க்-5 குடும்பத்தை டெபியன் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது, 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-ஆம் பதிப்பில்.