ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுச்செட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த தலம் என்று வைணவர்கள் போற்றும் விஜயராகவப் பெருமாள் கோயில் இங்கேதான். காஞ்சிப் பட்டு நெய்யும் வட்டாரம் இது. தறியிலிருந்து சேலை இறங்கியதும் செல்போனில் படம் எடுத்து அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் திரையில் பார்த்தே சேலையைத் தேர்வு செய்கிறார். திரையில் ஜரிகையின் மினுக்கு வரை தெரிகிறது. அதே படத்தைக் காலண்டரில் முழுப்பக்கத்துக்குப் போட்டால், கரையில் இருக்கும் மயில் மங்கிக் குழம்பிப் போகிறது. அச்சகத்தில் கேட்டால், “ரெசல்யூஷன் பத்தாது சார்” என்பார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டை விற்பவரும் வாங்குபவரும், கோயில் விழாவுக்குப் பத்திரிகை அடிப்பவரும் அதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

டிஜிட்டல் படம் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய சின்னஞ்சிறு வண்ணக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். 1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றியபோது அதில் அகலத்துக்கு 176, உயரத்துக்கு 176 கட்டங்கள்தான் இருந்தன. இன்று சாதாரண செல்போன் படத்திலேயே 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள். 12 மெகாபிக்சல் என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்தப் படத்தைக் காட்டும் திரை? பல செல்போன்களில் அகலத்துக்கு 1080 பிக்சல்தான். படத்தில் எத்தனை லட்சம் கட்டம் இருந்தாலும், திரை தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைச் சுருக்கிவிடும். 1080 பிக்சல் அகலமுள்ள படம் கையடக்கத் திரையை நிறைத்துக்கொண்டு அருமையாக நிற்கும். அதையே நல்ல தாளில் அச்சடிக்க அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1080ஐ 300ஆல் வகுத்தால் 3.6 அங்குலம். ஒரு விசிட்டிங் கார்டைவிடச் சற்றே அகலம், அவ்வளவுதான். ஏ4 தாள் முழுக்க நிரப்ப 2480க்கு 3508 பிக்சல் தேவை.

இந்த 300 எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு நம் கண்ணிலிருந்து. நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். 30 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்கும்போது அந்தக் கோணம் தாளில் ஏறத்தாழ 0.087 மில்லிமீட்டர் அகலம். ஓர் அங்குலத்தில் அப்படிப்பட்ட புள்ளிகள் 290 சொச்சம் அடங்கும். அதற்கு மேல் நெருக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு பங்கு அச்சு எந்திரத்திலிருந்து. கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் ஏதேனும் ஒரு வார இதழின் வண்ணப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். படம் மறைந்துபோய் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் பொட்டுகள் மட்டும் தெரியும். வெளிர் இடத்தில் பொட்டு சிறியது, அடர்ந்த இடத்தில் பெரியது. நான்கு வண்ணப் பொட்டுகளின் வரிசைகளும் வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருப்பதால், ஆங்காங்கே சிறு பூப்போல வட்டம் கட்டி நிற்கும். அச்சு எந்திரத்துக்கு வெளிர் சாம்பல் என்ற ஒரு மை கிடையாது. மை விழும் அல்லது விழாது. பொட்டின் அளவைக் கூட்டிக் குறைத்து நிழலையும் வெளிச்சத்தையும் கண்ணுக்குள் உண்டாக்குவதுதான் ஹாஃப்டோன் என்னும் முறை.

இந்த முறையை நம் நாட்டில் ஆராய்ந்து உலகத் தரத்துக்குக் கொண்டுபோனவர் கல்கத்தாவைச் சேர்ந்த உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி. இயக்குநர் சத்யஜித் ராயின் தாத்தா. தன் குழந்தைகள் புத்தகத்தின் படங்கள் மரக்கட்டை அச்சில் சிதைந்துபோனது பொறுக்காமல், 1890களில் பிரிட்டனிலிருந்து கருவிகளைத் தருவித்துத் தாமே கற்றுக்கொண்டார். படத்தைப் பொட்டுகளாகப் பிரிக்கும் ஹாஃப்டோன் திரையைக் கேமராவில் எவ்வளவு தள்ளி வைப்பது, ஒளித்துளையை எப்படி அமைப்பது என்று கணக்கிட்டு அவர் எழுதிய கட்டுரைகள் லண்டனின் பென்ரோஸ் ஆண்டிதழில் வெளிவந்தன. படத்தின் கூர்மைக்காக ஒரு குழந்தை இலக்கிய எழுத்தாளர் இயற்பியலுக்குள் இறங்கினார் என்பது எனக்கு இன்றும் வியப்பு தரும் செய்தி.

பளபளப்பான தாளில் அச்சாகும் இதழ்களில் அங்குலத்துக்கு 150 வரிசைப் பொட்டுகள் வரை வைப்பார்கள். ஒரு வரிசைக்கு இரண்டு பிக்சல் என்பது அச்சுத்துறையின் கைக்கணக்கு. அந்த வகையிலும் 300 வந்துவிடுகிறது. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும், பொட்டு பரவும். அதனால் வரிசைகளை 85, 100 என்று இடைவெளி விட்டே அமைப்பார்கள். அதற்கு 170 முதல் 200 பிக்சல் போதும்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது. கணினியில் படத்தின் விவரத்தைத் திறந்தால் ‘72’ என்றோ ‘300’ என்றோ ஓர் எண் இருக்கும். 72ஐ 300 என்று மாற்றிவிட்டால் படம் அச்சுக்குத் தயார் என்று நம்புகிறார்கள். அந்த எண் ஒரு சீட்டு மட்டுமே. படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிட உத்தேசம் என்பதைச் சொல்வது. 1080 பிக்சல் படத்தில் எந்த எண்ணை எழுதினாலும் உள்ளே இருப்பது 1080தான். 72 என்பதும் 1984இல் வந்த மெக்கின்டோஷ் கணினித் திரையின் பிக்சல் நெருக்கம். இன்றைய திரைகளுக்கு அதனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

நெசவாளருக்கு இதை விளக்குவது மிகச் சுலபம். ஜக்கார்டு பெட்டி வைத்த தறியில் கரையும் முந்தியும் நெய்பவர், கட்டங்களால் ஆன படத்தோடுதான் நாள் முழுதும் வேலை செய்கிறார். முதலில் மயிலையோ யாளியையோ கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புகிறார்கள். குறுக்கே ஒரு கட்டம் ஒரு கொக்கி. நெடுக்கே ஒரு கட்டம் ஓர் ஊடை, அதற்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 240 கொக்கிப் பெட்டியில் படத்தின் அகலம் 240 கட்டம். மயிலைப் பெரிதாக்க ஒரு கொக்கிக்கு இரண்டு இழையாகக் கட்டினால் மயில் பெரிதாகும், ஆனால் கழுத்து வளைவில் படிக்கட்டு தெரியும். வளைவு குழைவாக வர வேண்டுமானால் 480 கொக்கிக்குப் போக வேண்டும், அட்டைகளையும் கூட்ட வேண்டும். 1839இல் பிரான்ஸின் லியோன் நகரில், இந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். செதுக்கோவியம் என்று பார்ப்பவர்கள் ஏமாறும் அளவுக்கு நுட்பமான அந்த ஒரு படத்துக்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் செலவாயின.

பட்டைப் படம் எடுக்கும்போது மட்டும் எழும் ஒரு தொல்லையும் உண்டு. விரித்த சேலையைப் படம் எடுத்துப் பார்த்தால், துணியில் இல்லாத அலைஅலையான கோடுகள், சில நேரம் வானவில் நிறத்தில், படத்தில் ஓடும். இதற்கு மோயரே என்று பெயர். இழைகளின் வரிசையும் கேமராவின் பிக்சல் வரிசையும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் வந்து மோதும்போது இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு கோலத்தைப் போட்டுவிடுகின்றன. ஓர் இழையையும் அடுத்த இடைவெளியையும் பிரித்துப் பதியக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். சேலையின் அகலம் 48 அங்குலம், அங்குலத்துக்கு 80 இழை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3840 இழை. முழு அகலத்தையும் 4000 பிக்சல் படத்தில் அடக்கினால் ஓர் இழைக்குக் கிட்டத்தட்ட ஒரே ஒரு பிக்சல்! கேமராவில் பச்சைக்குப் பாதி, சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் பங்கு கால் பங்காகத்தான் பிக்சல்கள் பிரிந்திருப்பதால் நிறமும் தடுமாறுகிறது. கேமராவை அருகே கொண்டுபோய்க் கரையை மட்டும் எடுங்கள். அல்லது சற்றே சாய்த்தோ தள்ளியோ பிடியுங்கள், மோதல் கலைந்துவிடும். இழையைக் காட்ட ஒரு படம், முழுச் சேலையைக் காட்ட வேறொரு படம் என்று எடுப்பதே சரி. ஒரே படத்தில் இரண்டும் வராது.

கோயில் உற்சவத்துக்குச் சாலையோரம் கட்டும் ஃபிளெக்ஸ் பேனருக்குக் கணக்கு தலைகீழ். பார்ப்பவர் 10 அடி தள்ளி நிற்கிறார் என்றால் கண்ணுக்கு அங்குலத்துக்கு 29 புள்ளி போதும். 4000 பிக்சல் படத்தை 12 அடி அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 28 கிடைக்கிறது. காலண்டருக்கு ஆகாது என்று அச்சகம் திருப்பி அனுப்பிய படம்கூடச் சில சமயம் பேனரில் எடுப்பாக நிற்பது இதனால்தான்.

இருக்கிற பிக்சலைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கியே போய்ச் சேரும். ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்தபடியே போகும். கோபுரத்து உச்சிச் சிற்பத்தை விரலால் ஜூம் செய்து எடுக்கும்போது பல செல்போன்கள் படத்தின் ஓரங்களை வெட்டி நடுவை மட்டும் பெரிதாக்குகின்றன. அகலத்திலும் உயரத்திலும் பாதி வெட்டினால் 12 மெகாபிக்சல் 3 ஆகிவிடும்.

சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது கைக்குக் கை பரவிவிட்டன. அவை இல்லாத பிக்சலைத் தாங்கள் முன்பு பார்த்த லட்சக்கணக்கான படங்களை வைத்து ஊகித்து நிரப்புகின்றன. குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கு அது போதும். விற்பனைக்கு வைக்கும் பட்டுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்வேன். நெசவாளர் கட்டம் கட்டமாக இட்ட ருத்ராட்சக் கரை, அந்தப் படத்தில் வேறு ஏதோ ஒரு துணியின் கரையாக மாறியிருக்கலாம். வாங்குபவர் பணம் கொடுப்பது அந்தக் கரையைப் பார்த்துத்தான்.