அன்று நெருப்பு, இன்று தண்ணீர்

புரட்டாசி பிறந்துவிட்டால் தஞ்சை, நாகைப் பக்கத்துக் கிராம வீடுகளில் முதல் கவலை அரிசியைப் பற்றியது அல்ல, விறகைப் பற்றியது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சும்மாவா சொன்னார்கள்? மழை பிடித்தால் பத்து நாள் வெயில் முகம் பார்க்க முடியாது. பத்தாயம் நிறைய நெல் இருக்கலாம், வெட்டிப் போட்ட விறகு ஈரமாகிவிட்டால் சோறு வேகாது. அதனால் தென்னை மட்டை, பாளை, பன்னாடை, பிளந்த கட்டை, கோடையில் தட்டி வைத்த வறட்டி என்று எரிக்கக்கூடியது எல்லாம் கூரைக்குள் ஏறிவிடும். நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு வீடு மழைக்குத் தயாராகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அடுப்பங்கரையை அண்ணாந்து பார்த்தாலே போதும். அடுப்புக்கு நேர் மேலே பரண் கட்டி, அன்றாடம் எழும் புகையிலேயே அடுத்த வாரத்து விறகைக் காயவைத்துக்கொண்டிருப்பார்கள். தனியாக யாரும் மெனக்கெட வேண்டாம். சமைக்கச் சமைக்கக் காயும்.

தீப்பெட்டியும் அப்படித்தான். மழை ஈரத்தில் குச்சி நமுத்துப்போகும், உரசினால் மருந்து மட்டும் உதிரும். அரிசிப் பானைக்குள் ஒரு பெட்டியைப் புதைத்து வைப்பது பல வீட்டு வழக்கம். அதற்கும் மேலே ஒரு ஏற்பாடு உண்டு. இரவுச் சமையல் முடிந்ததும் கங்கை அடுப்பின் ஒரு மூலைக்குத் தள்ளிச் சாம்பலால் மூடிவிடுவார்கள். விடியற்காலையில் சாம்பலை விலக்கி, பன்னாடையைப் பிய்த்துப் போட்டு ஊதினால் பற்றிக்கொள்ளும். அணைந்துபோனால் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போவார்கள்.

அரிசி இரண்டாவது. அதிலும் ஒரு கணக்கு இருந்தது. நெல்லை நெல்லாகவே வைத்திருந்தால் மழைக்காலத்தில் பயனில்லை. அவித்த நெல்லைக் காயவைக்க வெயில் வேண்டும். ஆகவே வெயில் இருக்கும்போதே அவித்து, முற்றத்தில் பரப்பிக் காயவைத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து, இரண்டு மாதத்துக்கு ஆகும் அரிசியைப் பானையில் சேர்த்துவிட வேண்டும். புளி, மிளகாய், உப்பு எல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை வாங்குகிற சாமான்கள். அவை ஏற்கெனவே ஜாடியில் இருக்கும். வற்றலும் வடகமும் சித்திரை வெயிலில் போட்டவை. கடற்கரையோரம் என்றால் கருவாடு. இவற்றில் எதையும் புயலுக்கென்று யாரும் சேர்க்கவில்லை. வருடம் ஓடுகிற ஓட்டத்தில் வந்து சேர்ந்தவை, புயல் வந்தபோது கைகொடுத்தன. ‘பேரிடர் முன்னேற்பாடு’ என்று இன்று துண்டறிக்கையில் அச்சடிக்கிறோமே, அன்றைக்கு அதற்குப் பெயரே கிடையாது. அது குடித்தனம் நடத்துவது, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பத்தாயம் இருந்தது பண்ணை வீட்டில். அதே ஊரின் தெற்குத் தெருவில், கூலிக்குப் போகிறவர் குடிசையில் சேர்த்து வைக்க என்ன இருந்தது? மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கடனாக நெல் வாங்கி, அறுவடையில் கூடுதலாக அளந்து கொடுத்தார்கள். கூரைக் கீற்றே ஒழுகும்போது விறகை எங்கே உலர்த்துவது? முன்னேற்பாடு என்பது கைவசம் இருக்கிறவனுக்கே வாய்த்த காரியமாக இருந்தது. ரேஷன் கடை இதைப் பெரிய அளவில் மாற்றியது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு இலவசமாகவே அரிசி கிடைக்கிறது. மழைக்காலத்துப் பட்டினி என்பது பாட்டிமார் சொல்லிக் கேட்கும் கதையாகிவிட்டது. இந்த ஒன்றுக்காகவே பழையதை விட இப்போதைக்கு என் வாக்கு.

அன்று வெளிச்சத்துக்கு அரிக்கேன் விளக்கு. அதன் கண்ணாடிச் சிம்னியை மாலைதோறும் சாம்பல் தொட்டுத் துடைப்பது வீட்டுப் பிள்ளைகள் வேலை. கை உள்ளே போகிற வயது தாண்டிவிட்டால் தம்பிக்குத் தள்ளிவிடலாம். விளக்கைக் காதருகே ஆட்டிப் பார்த்து, மண்ணெண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியே எழவில்லை. பல வீடுகளில் கரண்டே இல்லை.

செய்தி மட்டும் தாமதமாகத்தான் வந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், வானொலியில் வானிலை அறிக்கை சொல்வார்கள், தண்டோரா போடுவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன இரவில், பாம்பனிலிருந்து கிளம்பிய ரயில் அலைக்குள் போனது. இன்றைய செயற்கைக்கோள் படம் அன்று இருந்திருந்தால் அந்த ரயிலைக் கிளம்பவே விட்டிருக்க மாட்டார்கள். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்தபோதும் உள்கிராமங்களுக்கு எச்சரிக்கை என்று போய்ச் சேர்ந்தது சொற்பம்.

இப்போது வங்கக்கடலில் ஒரு தாழ்வுப்பகுதி உருவாகும் முன்பே கைப்பேசியில் படம் வந்துவிடுகிறது. ஐந்து நாள் முன்னால் புயலுக்குப் பெயர்கூடத் தெரிந்துவிடுகிறது. ‘வெதர்மேன்’ பிரதீப் ஜான் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்காமல் சென்னையில் பாதிப் பேர் தூங்கப் போவதில்லை. வேடிக்கை என்னவென்றால், செய்தி முன்கூட்டி வர ஆரம்பித்ததும் சாமான் பிற்பாடு வர ஆரம்பித்துவிட்டது. எப்போது அடிக்கும் என்று தெரியாதவர்கள் புரட்டாசியிலேயே எல்லாம் எடுத்து வைத்தார்கள். எப்போது அடிக்கும் என்று தெரிந்த நாம், கரை கடப்பதற்கு முந்தின மாலை ரொட்டிக்கும் மெழுகுவத்திக்கும் கடையில் முட்டிமோதுகிறோம். பத்து நிமிடத்தில் சாமான் கொண்டுவரும் செயலிகள் வந்த பிறகு, வீட்டில் ஒரு வாரத்துப் பருப்புகூட இருப்பதில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் என்றால் அந்தப் பையன் எப்படி வருவான்?

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு சென்னை இதை முதல்முறை முழுசாக அனுபவித்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீர், அடையாற்றங்கரை முழுக்க வீடுகளுக்குள் ஆறு. 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் மறுநாள் அச்சாகாமல் போனது. செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. பால் பாக்கெட் தங்க விலை விற்றது. ஆனால் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கேட்டது பாலும் அல்ல, சோறும் அல்ல. குடிக்கத் தண்ணீர்.

அடுக்குமாடி வீட்டின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். தண்ணீர் தரைக்கு அடியில், சம்ப்பில் இருக்கிறது. அதை மேலேற்றும் மோட்டார் தரைத்தளத்தில் இருக்கிறது. மோட்டாருக்கு வேண்டிய மீட்டர் பலகை, கார் நிறுத்துமிடத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. தெருவில் நான்கு அடி வெள்ளம் வந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் காலி. சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிட்டால் கரண்ட் வந்த பிறகும் கழுவி விடும்வரை அதைத் தொட முடியாது. 20 லிட்டர் கேன் போடுகிறவருக்கு வண்டி ஓடாது. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, உள்ளே குழாயைத் திருகினால் காற்று. 2003-இல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. ஆனால் அந்த நேரத்தில் மொட்டைமாடிக் குழாய்க்கு அடியில் ஒரு அண்டாவை வைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது? பழைய வீட்டில் கொல்லைக் கிணறும், கயிறும் வாளியும் இருந்தன. தண்ணீர் வீட்டுக் கவலைப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை.

டெல்டாவிலும் இதே கதைதான் என்பதை 2018 நவம்பர் 16 அதிகாலை கரைகடந்த கஜா காட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றப் பணம் கொடுத்து வரிசையில் நின்றார்கள். முற்றம் நிறைய விழுந்த தென்னை மரம், எரிக்கப் பஞ்சமில்லை. கிணறுகள் தூர்ந்து போர் மோட்டாராகிவிட்டதால் குடிக்கத்தான் தட்டுப்பாடு. அம்மி, ஆட்டுக்கல்லைத் திண்ணையில் போட்டுவிட்டு மிக்சிக்கு மாறியவர்கள், அந்த வாரம் அவற்றைத் தேடி எடுத்துக் கழுவினார்கள்.

ஆக, வரிசை தலைகீழாகிவிட்டது. அன்று நெருப்பு முதலிலும் தண்ணீர் கணக்கிலேயே இல்லாமலும் இருந்தது. இன்று தண்ணீர்தான் முதல். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று வைத்தால், நால்வர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், இரண்டரை கேன். புயல் சின்னம் என்றதும் வெளிச்சத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள், மூன்று கேன் தண்ணீரை வைக்க இடமில்லை என்கிறார்கள். கழிவறைக்கு வேறு தண்ணீர். மூடி போட்ட டிரம் ஒன்றில் மோட்டார் ஓடும்போதே பிடித்து வைக்கலாம்.

இரண்டாவது மருந்து. பழைய வீட்டில் சுக்கும் ஓமமும் போதுமாக இருந்தது, இன்றைய வீட்டில் பாதிப் பேர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள். பத்து நாளைக்கு உபரியாக இருந்தால் நிம்மதி. ஃபிரிட்ஜ் நின்றதும் இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டாம். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம்வரை வெளியே, வெயிலும் சூடும் படாத இடத்தில் தாங்கும். உங்கள் வகைக்கு என்ன கணக்கு என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம். நாப்கினும், கைக்குழந்தை இருந்தால் பால்பவுடரும் இதே வரிசை.

பணத்தை நான் இன்வெர்ட்டருக்கு மேலே வைப்பேன். வர்தா புயல் 2016 டிசம்பர் 12-இல் சென்னையை அடித்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்திருந்தார்கள். கையில் ரொக்கம் இல்லை, கார்டு தேய்க்கக் கரண்ட் இல்லை. இன்று காய்கறி வண்டிக்காரர்கூட ஸ்கேன் பண்ணச் சொல்கிறார். சிக்னல் போனால் அவர் கடனுக்குத்தான் தர வேண்டும். நூறு, ஐம்பது, இருபதாக ஒரு இரண்டாயிரம் ரூபாய் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு அன்றைக்கு யார் சில்லறை கொடுப்பார்?

பத்திரங்கள் முன்பு டிரங்குப் பெட்டியில், பரணில் இருந்தன. உயரத்தில் இருந்ததாலேயே தப்பின. 2015-இல் பீரோவின் அடித்தட்டில் இருந்த மதிப்பெண் சான்றிதழ்கள் கூழாகி, அரசு நகல் சான்றிதழுக்காகச் சிறப்பு முகாம் நடத்த வேண்டியிருந்தது. டிஜிலாக்கர் அந்த வருடமே வந்துவிட்டது, என்றாலும் மூலப் பத்திரத்துக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையும் மேல் அலமாரியும்தான் பாதுகாப்பு.

உணவு என் பட்டியலில் கடைசி. அதிலும் தண்ணீர் குடிக்காத உணவாக இருக்க வேண்டும்: அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், கடலைமிட்டாய். ரொட்டி இந்த ஈரத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிடும், ஏன்தான் அதற்கு அடித்துக்கொள்கிறோமோ. சமையலுக்கு கேஸ் சிலிண்டர் இருக்கிறது. கரண்டும் சிக்னலும் இல்லாமல் வேலை செய்கிற ஒரே நவீன சாதனம் அதுதான், இன்டக்‌ஷன் அடுப்பை நம்பி அதை ஒற்றைச் சிலிண்டராக்கிவிடாமல் இருந்தால்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். பலர் சிரித்தார்கள், எனக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது. முந்தின டிசம்பரில் மிக்ஜாம் புயல் போனபிறகு பழுதுக்கூடங்களில் காத்துக் கிடந்த வண்டிகளைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் காரை மேலே ஏற்றியவர்களில் எத்தனை பேர் தங்கள் கட்டடத்து மீட்டர் பலகையை மேலே ஏற்றியிருப்பார்கள்? எங்கள் குடியிருப்பில் அந்தப் பேச்சு ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் வருகிறது. பலகையையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் ஆறடிக்கு உயர்த்தச் செலவை எல்லா வீட்டுக்கும் பிரிக்கலாம் என்பார் செயலாளர். “மூணாவது மாடிக்கு வெள்ளம் வராது சார், நான் ஏன் கொடுக்கணும்?” என்பார் ஒருவர். மோட்டார் நின்றால் அவர் வீட்டுக் குழாயிலும் காற்றுதான் வரும். அடுத்த கூட்டத்தில் அதை அவரிடம் சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.