உங்களுக்குத் தெரியுமா? எச்.ஐ.வி. முகத்தில் தெரியாது!

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில் எடுத்த ரத்தத்தில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா பெண்கள் பலரின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போனார். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; அதாவது, அவற்றில் எச்.ஐ.வி. இருந்தது. அந்த ரத்தத்தைக் கொடுத்த பெண்கள் யாரும் ‘உடம்பு சரியில்லை’ என்று மருத்துவரைத் தேடி வந்தவர்கள் அல்ல.

கிருமி தொற்றிய 2 முதல் 4 வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் வரும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று கசாயம் குடித்துவிட்டு மறந்துவிடுவோம். அதுவும் தானாகவே போய்விடும். சிலருக்கு அதுகூட வராது. அதன்பிறகு பல வருடங்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் கழியலாம். ஆனால் அப்போதும் கிருமி மற்றவருக்குத் தொற்றலாம்.

காரணமில்லாத எடைக்குறைவு, வாரக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, இரவில் தலையணை நனையும் வியர்வை, நாக்கில் வெள்ளைப்படலம், காசநோய்... இவையெல்லாம் எதிர்ப்புச் சக்தி சரிந்த பிறகு வருபவை. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், எதிர்ப்புச் சக்தி தரும் சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே போனால் அது எய்ட்ஸ். இதே அறிகுறிகள் வேறு நோய்களிலும் உண்டு என்பதால், கண்ணாடி முன் நின்று கண்டுபிடிக்கப் பார்ப்பது வீண்வேலை. பரிசோதனைதான் சொல்லும். அதையும் சந்தேகப்பட்ட மறுநாளே செய்தால் தெரியாது. 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். விவரம் வெளியே போகாது. உதவி எண்: 1097.