ஒளியில் கறுக்கும், நீரில் கரையாது: தேர்தலைக் காக்கும் மைசூரு மை

புதுதில்லி: வாக்காளரின் இடக்கை ஆள்காட்டி விரலில் தீட்டப்படும் மை, தொடக்கத்தில் ஊதா நிறமாகவே தெரிகிறது. அதைக் கறுப்பாக்கும் வேலையை ஒளியே செய்கிறது.

மையிலுள்ள வெள்ளி நைட்ரேட், தோலிலுள்ள உப்புடன் சேர்ந்து வெள்ளி குளோரைடாக மாறுகிறது. இது நீரில் கரையாதது. ஒளி பட்டதும் இச்சேர்மம் சிதைந்து, நுண்ணிய வெள்ளித் துகள்கள் கருங்கறையாகப் பதிகின்றன. பிறகு சோப்பு போட்டுக் கழுவினாலும் பயனில்லை. தோலின் மேலடுக்கு உதிர்ந்து, நகம் வளர்ந்து வெட்டப்பட்டால்தான் கறை முற்றிலும் மறையும். ஒளியில் கெட்டுவிடாதிருக்கவே இம்மை பழுப்பு நிறக் குப்பிகளில் அடைக்கப்படுகிறது.

ஒளியால் பொருளின் இயல்பை மாற்றும் ஆய்வுகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. நீரில் ஊறிய பாலிமர் கூழ் ஒன்று ஒளி பட்டால் சுருங்குவதையும், ஒளியை விலக்கினால் மீண்டும் உப்புவதையும் சுசுகி, தனகா என்ற ஆய்வாளர்கள் 1990-இல் எடுத்துக்காட்டினர். அக்கூழின் சிறப்பு பழைய நிலைக்குத் திரும்புவது. மைசூரு மையோ திரும்பாதிருப்பதால்தான் பயன்படுகிறது. திரும்பினால் ஒருவரே இருமுறை வாக்களித்துவிட முடியும்.

கள்ள வாக்கைத் தடுக்க தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய இம்மை, 1962 பொதுத்தேர்தலில் பயன்பாட்டுக்கு வந்தது. தயாரிப்புப் பொறுப்பு கர்நாடக அரசின் மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-இல் அரக்கு, வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையாகத் தொடங்கிய நிறுவனம் இது. மையின் முழுக் கலவை விவரம் இன்றளவும் வெளியிடப்படுவதில்லை.

எனினும், மை பதியச் சிறிது நேரமாவது வேண்டும். இதை அறிந்தே, கையொப்பம் பெறுவதற்கு முன்பாக மை வைக்குமாறு வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. வாக்களித்து வெளியேறுவதற்குள் மை உலர்ந்துவிடும். மை ஒட்டாதிருக்க விரலில் எண்ணெய் தடவி வருவோரும் உண்டு; அவர்களது விரலைத் துணியால் துடைத்த பின்பே மை வைக்க வேண்டும் என்பதும் விதி. இத்தகைய தந்திரங்களுக்கு முன்னால், வேதியியலைவிட அலுவலரின் கவனமே முக்கியம்.

10 மில்லி லிட்டர் குப்பி ஒன்று சுமார் 700 பேருக்குப் போதுமானது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு 26 லட்சத்துக்கும் அதிகமான குப்பிகள் மைசூரிலிருந்து அனுப்பப்பட்டன. வெளிநாடுகள் பலவற்றுக்கும் இம்மை ஏற்றுமதியாகிறது. கரோனா பரவிய 2020-இல், வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டியவர்களின் கையில் முத்திரையிடவும் அழியாத மையைப் பயன்படுத்தத் தேர்தல் ஆணையம் அனுமதி அளித்தது குறிப்பிடத்தக்கது.