ஏரி ஒன்று, துறை பல

கோடையில் ஏரி வற்றினதும் வண்டல் அள்ளி வயலில் கொட்டுவது நம் பாட்டன் காலத்து வேலை. ஏரிக்கு ஆழம், வயலுக்கு உரம். இப்போது அதற்கு அனுமதி வாங்கணும். முன்பு மாவட்ட ஆட்சியர் வரை போன கோப்பு, 2024 முதல் வட்டாட்சியரோடு முடிந்துவிடுகிறது. ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 கன மீட்டர், கட்டணமில்லாமல் எடுக்கலாம். நல்ல மாற்றம்தான்.

ஆனால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இயற்கை விவசாயம் செய்யும் ஒரு அண்ணன் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "மழை பெய்ஞ்சா சிப்காட் பக்கத்துத் தண்ணியும் எங்க ஏரிக்குத்தான் வருது. அந்த மண்ணை என் நிலத்துல கொட்டலாமா தம்பி?"

யாரைக் கேட்பது? வருவாய்த் துறை பட்டா, அடங்கலைப் பார்க்கும். ஏரியின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம்; கரை கெடாமல், அளவு மீறாமல் எடுக்கிறோமா என்பதுதான் அவர்கள் கவலை. வேளாண் துறையின் மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்து, நுண்ணூட்டம் தெரியும். ஈயம், காட்மியம்? அது வழக்கமான பரிசோதனையில் இல்லை. எந்த ஆலை என்ன கழிவை வெளியேற்றலாம் என்று அனுமதி கொடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நம் வண்டல் மனு அங்கே போவதே இல்லை. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்கிறார்கள், அதுதான் வேடிக்கை.

இது வீண் பயம் இல்லை. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் ஆலைகளும் உள்ள வட்டாரம் இது. பூச்சிமருந்தாவது காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். ஈயம் மக்காது. பஞ்சகவ்யம் ஊற்றினாலும் ஜீவாமிர்தம் விட்டாலும் போகாது. தொழு உரம் அதைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். கீரையும் கிழங்கும் போடுகிறவர்கள் ரொம்பவே யோசிக்கணும். அங்ககச் சான்று வாங்கியவர் ஒரு டிராக்டர் மண்ணால் பல வருச உழைப்பை இழக்கக்கூடும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம். ஏரிக்கு வரும் கால்வாய்களில் எந்த ஆலைக் கழிவு கலக்கிறது, கடைசியாக எப்போது நீரும் மண்ணும் சோதித்தார்கள் என்று கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டோமே என்ற பயம் வேண்டாம். பிரிவு 6(3)படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பியாகணும். துறைகளை ஒன்றோடொன்று பேசவைக்கச் சட்டத்தில் இப்படி ஒரு வரி இருப்பது பலருக்குத் தெரியாது.

இன்னொன்று, மாதாமாதம் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். எல்லாத் துறையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போவதானால் சென்னையைச் சுற்றித்தான் போகணும், ஒரு நாள் கூலி போகும். இருந்தாலும் மனுவை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

அண்ணன் இன்னும் வண்டல் எடுக்கவில்லை. மதகோரம், நடு ஏரி, கால்வாய் வந்து விழும் இடம் என மூன்று இடத்து மண்ணைத் தனித்தனியே கட்டி, கன உலோகம் சோதிக்கும் தனியார் ஆய்வகத்துக்குச் சொந்தக் காசில் அனுப்பியிருக்கிறார். ஆடி விதைப்புக்கு முன் முடிவு வரணும்.