மஞ்சள் பூசிக்கொள்ளும் பறவை எது தெரியுமா?

தென் அட்லாண்டிக் கடலில், ட்ரிஸ்டன் டா குன்ஹா தீவுப் பாறைகளில் தத்தித் தாவித் திரியும் ராக்ஹாப்பர் பென்குயினுக்குச் சிவந்த கண், தலையின் இருபுறமும் சிலிர்த்து நிற்கும் மஞ்சள் கொண்டை! அவ்வளவு தூரம் கப்பலேறுவானேன்? மஞ்சள் கொண்டையும் சிவந்த கண்ணுமாக ஒரு பறவை தென்காசிச் சீமையிலேயே இருக்கிறது. கடையத்துக்கு மேற்கே ஏறும் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் வாழும் பெரிய இருவாச்சிதான் அது!

பென்குயினுக்கு மஞ்சள் இறகிலேயே ஊறியது. இருவாச்சிக்கோ அது பூச்சு! வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்துத் தேய்த்து, கொண்டை, கழுத்து, சிறகின் வெள்ளைப் பட்டை என்று எல்லா இடத்திலும் தடவிக்கொள்கிறது. அலகின்மேல் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும் அந்தப் பெரிய கொண்டை பார்க்கத்தான் பாரம். உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். சிவந்த கண் ஆணுக்கு மட்டும். பெண்ணுக்கு வெளிறிய கண். இருவருக்கும் நீளநீளமாய் இமைமுடி வேறு!

அது பறந்து வருவதைக் கண்ணுக்கு முன்னே காது கண்டுபிடித்துவிடும். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் அந்தக் காலத்து நீராவி எஞ்சின் மூச்சிரைத்து ஏறுமே, அதே சத்தம்! விரித்த சிறகு சுமார் ஒன்றரை மீட்டர். இறகுகளின் அடிப்பகுதி மூடாமல் இருப்பதால் இடைவெளியில் காற்று புகுந்து இரைகிறது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் சங்கதி அதன் பேறுகாலம். முட்டையிடும் பருவத்தில் பெண் பறவை வயதான பெருமரத்துப் பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சத்தாலும் இரை மிச்சத்தாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. மிச்சம் ஒரு கீற்று. மூன்று மாதத்துக்கு மேல் உள்ளேயே வாசம்! சிறகு, வால் இறகுகளையும் உதிர்த்துவிடுவதால் பறக்கவும் முடியாது. ஆண்தான் அத்திப்பழங்களை விழுங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கிக் கீற்று வழியே ஊட்ட வேண்டும். அவன் வேட்டையில் விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். பழம் தின்றவர்கள் கொட்டையைக் காடெங்கும் விதைத்தும் விடுகிறார்கள், கூலி கேட்பதில்லை.

ஜூனில் குற்றாலச் சாரலுக்கு நாம் கிளம்பும்போது இந்தக் கூத்தெல்லாம் முடிந்து, குஞ்சும் பறந்திருக்கும். நமக்கு அருவிக்கரைக் குரங்குகளிடமிருந்து பழப்பையைக் காப்பாற்றவே நேரம் சரியாக இருக்கும்!

இன்னொன்று தெரியுமா? மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அலுவலகத்தில் 1894 முதல் 1920 வரை வில்லியம் என்ற பெரிய இருவாச்சி வாழ்ந்தது. சங்கத்தின் சின்னத்தில் இன்றும் இருவாச்சிதான். தலைமையகத்தின் பெயரே ஹார்ன்பில் ஹவுஸ்!