ஃபெரி என்பதும் பேரி என்பதும்

மும்பை டாக்யார்டு ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி, "ஃபெரி வார்ஃப் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "பாவுச்சா தக்காவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தி மட்டும் பழகிய நம்மவருக்குத் திகைப்பாக இருக்கும். இந்தியில் தக்கா என்றால் இடித்துத் தள்ளுவது. மராத்தியில் படகுத் துறைக்கும் அதே சொல்தான். 19-ஆம் நூற்றாண்டில் பாவு அஜிங்கியா என்பவர் கட்டிய துறையின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

'ஃபெரி' ஆங்கிலச் சொல். 'கொண்டு போய்ச் சேர்ப்பது' என்பது அதன் பழைய பொருள். பஸ்ஸில் நாம் கொடுக்கும் 'ஃபேர்' அதற்கு நெருங்கிய உறவு.

ஆனால் மராத்தியிலும் இந்தியிலும் 'பேரி' என்று ஒரு சொல் உண்டு. அது வேறு, 'சுற்று' என்று பொருள். தெருத்தெருவாகச் சுற்றி விற்பவர் பேரிவாலா. படகு ஒரு முறை போய்வந்தால் அதுவும் மராத்தியில் ஒரு பேரிதான். பிறப்பால் தொடர்பில்லாத இரண்டு சொற்களும் மும்பைத் துறையில் ஒன்றாகிவிட்டன.

தமிழில் ஓடம், தோணி, பரிசல் என்று படகுக்குப் பல பெயர்கள். ஏறி இறங்கும் இடம் மட்டும் 'துறை'. மயிலாடுதுறையில் இருப்பதும் அதுதான்; அலுவலகத்தில் "நீங்கள் எந்தத் துறை?" என்று கேட்பதும் அதே சொல்தான்.

சேர்ப்பது மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும் என்பதை 'பேரி' நினைவூட்டுகிறது. 1947 ஜூலை 17 அன்று பம்பாயிலிருந்து ரேவஸுக்குப் புறப்பட்ட 'ராம்தாஸ்' என்ற பயணிகள் கப்பல் புயல் மழையில் கவிழ்ந்தது. ஆஷாட அமாவாசைக்கு ஊர் போனவர்கள் அதில் பலர். 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 டிசம்பர் 18 அன்று எலிபெண்டா சென்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் விசைப்படகு மோதியது. அதிலும் பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

2020 முதல் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்டுவாவுக்குக் கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் ஓடுகிறது. கேட்வேயிலிருந்து மாண்டுவா போகும் சிறிய படகுகள் மழைக்காலத்தில் நிறுத்தப்படுகின்றன. அந்த நிறுத்தத்தை இடைஞ்சல் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கடல் கொந்தளிக்கும் மாதங்கள் அவை.

விடுமுறை நாளில் குழந்தை குட்டிகளுடன் எலிபெண்டா கிளம்புகிறவர்கள், படகில் ஏறியதும் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி அணியுங்கள். தலைக்கு மேல் கூட்டம் என்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். அடுத்த பேரி வரும்.